தளர்ந்தோரைப் பேணுதல் யார் கடன்?

நோயுற்றாரைப் பொதுப்பணத்தாற் பேணுதல் அரசின் கடன் என்பதை இன்று இலங்கையில் மறுப்பார் இலர். கல்முனையிலுள்ள அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் செல்வரும் வறியரும், தமிழரும் முஸ்லிம்களும், கட்டணமின்றிச் சிகிச்சை பெறுகின்றனர். ஆயின், காய்ச்சல் தணிந்த பின்னும் தாமாக எழவும் குளிக்கவும் உண்ணவும் இயலாத மூதாட்டி ஒருவரை வைத்தியசாலை நெடுநாள் வைத்துப் பேணுதல் இயலாது. நோய் தீர்ந்தது, வீட்டுக்குக் கொண்டுசெல்க என்பர். அது முறையே. அவ்வீட்டில் அவரைப் பேண யாருளர் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மருதமுனை தொட்டு அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையூர்களில் இருசமயத்தாரும் ஒருங்கு கைக்கொண்ட வழக்கம் ஒன்றுண்டு. மகளுக்கு மணம் முடிக்கையில் வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதன் ஒருபுறத்தோ அயலிலோ ஒதுங்கி வாழ்வர். வீடு மகளுக்கு, முதுமையில் அவள் கை பெற்றோர்க்கு. எழுதப்படாத இவ்வுடன்படிக்கையே நமக்கு முதியோர் இல்லமாயிருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோள் அத்தகைய வீடுகள் பலவற்றை, அவற்றிலிருந்த மகளிரோடு கொண்டுபோயிற்று. எஞ்சியோருட் சிலர் வளைகுடா நாடுகளிற் பிறர் வீட்டுக் குழந்தைகளையும் முதியோரையும் பேணி ஊதியம் அனுப்புகின்றனர். பணம் வருகின்றது, கை வருவதில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என விதித்து, பராமரிப்புப் பணம் கோருதற்கு ஒரு சபையையும் அமைத்தது. நன்றே. எனினும் சட்டம் பணத்தைப் பெற்றுத்தருமன்றி, நள்ளிரவிற் தாயைப் புரட்டிப் படுக்கவைக்கும் கையைப் பெற்றுத்தராது.

பிறநாட்டார் செய்தன நோக்குவோம். அமெரிக்காவில் முதியோர்க்குரிய மெடிகேர் நெடுங்காலப் பராமரிப்புக்குப் பணம் கொடுப்பதில்லை. வறியோர்க்குரிய மெடிகெய்ட், கைப்பொருளைச் செலவிட்டு வறியரானார்க்கே உதவும். முந்திய ஐந்தாண்டுக்குட் பிள்ளைகளுக்குச் சொத்துக் கொடுத்தாரைப் பெரும்பாலும் காத்திருக்க வைக்கும். மகளுக்கு வீடு கொடுத்தலையே பெற்றோரின் முதற்கடனாகக் கொண்ட நமக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. ஜெர்மனி 1995ஆம் ஆண்டு பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கி, வீட்டிற் பேணும் உறவினர்க்கும் பணம் சேர வழிசெய்தது. ஜப்பான் 2000ஆம் ஆண்டு, நாற்பது வயதானார் யாவரும் பணங்கட்டும் முறையை ஏற்படுத்தியது. ஆயினும் பணமாகக் கொடாது, துணையாளரையே அனுப்புகின்றது. பணம் கொடுப்பின் பெண்களின் தலையிலேயே அச்சுமை நிலைபெறும் என்று அங்கே அஞ்சினர். இரண்டும் சிந்திக்கத்தக்கன.

அரசு பேணத் தொடங்கினாற் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவரே எனின், கூறுதும். 1945ஆம் ஆண்டு தொட்டு இந்நாட்டில் இலவசக் கல்வி நடைபெறுகின்றது. அதனாற் பெற்றோர்க்குப் பிள்ளைகள்பால் அன்பு குறைந்ததா? கட்டணச் சுமை நீங்க, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடன் வறியவர்க்கும் இயல்வதாயிற்று. அங்ஙனமே தாயைப் பேணும் கடனும் இயல்வதாகும். கடனைச் செய்யத் துணைநிற்றல் வேறு. கடனைப் பறித்தல் வேறு.

2022ஆம் ஆண்டு வெளிநாட்டுக் கடனை இறுக்கவியலாது நின்ற நாட்டுக்கு இச்செலவு தகுமோ எனின், செலவு புதிதன்று. இன்றும் அது இறுக்கப்பட்டே வருகின்றது. ஒரு மகள் தன் தொழிலாலும் உறக்கத்தாலும் தனித்து இறுக்கின்றாள். அதனைப் பலர் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

ஆதலின், வீடுதேடி வரும் பயிற்சிபெற்ற துணையாளர் முதலில் வேண்டும். தொழில்விட்டுப் பேணும் மகளுக்கு ஓர் உதவித்தொகை அடுத்து வேண்டும். ஒருவருமில்லார்க்கு, பாங்கொலியோ கோயில் மணியோ தாம் கேட்டுப் பழகிய தம் ஊரிலேயே ஓர் இல்லம் வேண்டும். அன்பை அரசு விலைக்கு வாங்கித்தர இயலாது. அன்புடையார் கை சோராதபடி துணைநிற்க இயலும். நோய்க்கு மருந்தளித்தலைக் கடனாக ஏற்ற நாடு, தளர்ச்சிக்குத் துணையளித்தலையும் அக்கடனின் மறுபாதியாக ஏற்பதாக.