மறைந்தது ஒளியோ?

பொள்ளாச்சியை அடுத்த தென்னந்தோப்பின் களத்து மேட்டில், முகிலற்ற மாலையொன்றில், ஞாயிறு பட்டு இரண்டு நாழிகை கழிந்தபின் வானை நோக்கியிருந்தேம். மேற்கில் வெள்ளி அசைவின்றி ஒளிர்ந்தது. அதனருகே பேரொளிப் புள்ளியொன்று எழுந்து, விமானம்போல் விட்டு விட்டு மின்னாது, ஓசையின்றிக் கிழக்கு நோக்கிச் சென்றது. அஃது 1998-ஆம் ஆண்டில் முதற்கூறு ஏவப்பெற்ற பன்னாட்டு விண்வெளி நிலையம். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தே, 92 நிமிடத்திற்கொருமுறை நிலவுலகைச் சுற்றுவது. கீழ்வானை எய்துமுன்னரே அது சிறிது சிவந்து மங்கி மறைந்தது. உடனிருந்த பெயரன், “அப்பச்சி, விளக்கை அணைத்துவிட்டார்களா?” என்றான்.

அங்கு நாம் கண்டது விளக்கொளியன்று. நிலையத்திற்கும் கோள்களுக்கும் நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளி ஞாயிற்றினதே. நாம் இருளில் நிற்பவும், உயரத்தே செல்லும் நிலையத்தின்மேற் கதிர் படுதலின் அது தோன்றுகின்றது. நிலவுலகின் நிழலுட் புக்கவழி மறைகின்றது. ஆகலின், ஞாயிறு அணைந்ததூஉமன்று, நிலையம் அழிந்ததூஉமன்று, இடைநின்று மறைத்தது நிழலே.

மகனையிழந்த நண்பரொருவர் முன்னொருநாள், “இத்துணைக் காலம் வழிபட்டேன், அவனருள் எங்குற்றது?” என என்னை வினவினார். அன்று விடையிறுக்க அறியேனாயினேன். சிறுவன் வினாவும் அவர் வினாவும் ஒன்றே எனப் பின்னர் உணர்ந்தேன். காணாமை இன்மைக்குச் சான்றாகாது. மறைத்தலும் அருளின் தொழிலே என்பது சித்தாந்தத் துணிபு.

அற்றேல், ‘நும் மலமே நும்மை மறைத்தது’ என அவரை இடித்துரைத்தல் அமையுமோ எனின், அமையாது. நிழலுட் புக்க பொருள் நிழலாகாதவாறு போல, மலத்தாற் பற்றப்பட்ட உயிரும் மலமாகாது. பிணியுற்றானைப் பிணியென இகழ்தல் யாண்டும் அறமன்று.

உவமை முற்றும் ஒவ்வாதென்பதும் ஈண்டு உணர்தற்பாலது. நிலையம் சடம், நிழலுள் அதற்கு வருத்தமில்லை, தன் ஓட்டத்தானே வெளிப்படும். உயிரோ சித்து, இருளில் வருந்துவது, தானே வெளிப்படமாட்டாது, அருள் வெளிப்படுத்த வெளிப்படுவது. எனவே, வருந்துவாரை நோக்கி ‘நீயே எழுந்து வா’ எனல் நம் சமயநெறியொடு முரணும். அவர் இருளில் நிற்குங்காறும் உடனிருத்தலே நம் கடன்.

அடுத்த முறை நிலையம் தோன்றிய மாலையில் அந்நண்பரையும் களத்திற்கு அழைத்தேன். அது மறைந்தபின்னரும் அவர் அத்திசையையே நெடும்பொழுது நோக்கியிருந்தார். யானும் வாளா இருந்தேன்.