தத்தும் தந்தைமையும்
மறுமணத்தில் தாயோடு வரும் குழந்தையை அவள் கணவர் தத்தெடுக்கும்போது, ஒருவரைத் தந்தையாக்குவது இரத்தமா, சடங்கா, மனமா என்ற கேள்வி எழுகிறது. தர்மசாத்திர மரபில் தத்து, பித்ருக்கடன் தீர்க்க மகனைத் தேடும் வழி. மகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் மகளையும் ஏற்றது, தத்த ஹோமம் என்ற சடங்கு கட்டாயமில்லை என்றது. ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் மெய்யாகவே நடக்க வேண்டும். பெற்ற தந்தை இருந்தால் பொதுவாக அவர் சம்மதமும் வேண்டும். இறந்திருந்தால் முடிவு தாயுடையது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது, நியாயமான தீர்ப்பு. தாய் தன் மடிக் குழந்தையைக் கணவர் கையில் தருகிறாள்: வீடு மாறுவதில்லை, குடும்பம் மாறுகிறது. ஆயினும் இரத்தம் முழுதும் மறக்கப்படுவதில்லை. பிறந்த குடும்பத்தில் மணக்கக் கூடாதவர்களை மணக்கும் தடை நீடிக்கிறது. தத்துக்கு முன்பே உரிமையான சொத்தும் குழந்தைக்கே நிற்கிறது.