குறையுள்ள வண்டியை அடுத்தவர் தலையில் கட்டலாமா?

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



சென்ற வாரம் ஒரு சகோதரர் மஸ்அலா கேட்டு வந்தார். பெயர் சொல்லாமல் இங்கே பேச அனுமதியும் தந்தார். பழைய டீசல் லோடு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். சமமான சாலை, காலி வண்டி, ஒன்றும் தெரியவில்லை. பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனபோது, செங்கோட்டை தாண்டி மலை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது.

ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் எல்லாம் மாற்றினார். மறுபடியும் ஹீட். கடைசியில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக், இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தது. ஹெட் கேஸ்கெட் போய், எரிந்த காற்று தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்திருக்கிறது. வெளியே சொட்டாமலே தண்ணீர் குறைந்ததும் அதனால்தான். ரேடியேட்டரில் ஒழுகல் அடைக்கும் மருந்தும் படிந்திருந்தது. ஊற்றியவருக்குக் குறை தெரியாமலா இருந்திருக்கும்?

வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், நானும் ஏமாந்துதானே வாங்கினேன்? அதே மருந்தை ஊற்றி, 'பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு நான் பொறுப்பில்லை' என்று சொல்லி விற்றால் கூடுமா?"

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

சகோதரர்களே, யோசித்துப் பாருங்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. நனைந்தது அவருடைய நஷ்டம். ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம். கேஸ்கெட் போனதும் இந்தச் சகோதரரின் குற்றமல்ல. மருந்தை ஊற்றி விற்றால், அது அவருடைய குற்றம். நமக்கு ஒருவர் செய்த அநியாயம், அடுத்தவருக்கு அதைச் செய்ய அனுமதிச் சீட்டாகாது. அடுத்து வாங்குபவர் பிள்ளைகுட்டிகளோடு அதே மலையில் நிற்பார்.

"பார்த்து வாங்கிக்கொள்" என்பதும் போதாது. மலை ஏறினால்தான் தெரியும் குறையை அவர் எங்கே பார்ப்பார்? பொறுப்பில்லை என்று நிபந்தனையிடுவதில் மத்ஹபுகளுக்கிடையே விளக்கங்கள் உண்டு. ஆனால் தெரிந்த குறையை மறைப்பது ஹராம். வாங்குபவர் எந்த மதத்தவரானாலும் சட்டம் இதுதான்.

அப்படியானால் வழி? விற்கும்போதே இருந்த குறை என்றால், திருப்பிக் கொடுக்கும் உரிமையை மார்க்கம் தருகிறது. அதற்கு கியாருல் அய்ப் என்று பெயர். குறை தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடக்கூடும். எனவே தாமதிக்காமல், பெரியவர்களை வைத்து விற்றவரிடம் பேசுங்கள். நடக்காவிட்டால் சரிசெய்து விற்கலாம். அல்லது கேஸ்கெட் போனதைச் சொல்லியே விற்கலாம்.

"விலை குறையுமே, ஹஜ்ரத்" என்றார். குறையும்தான். ஆனால் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி வந்திருக்கிறது. வண்டியை விற்றவர்தான் முதலில் இதைக் கேட்க வேண்டும். இந்த ஸஃப்புகளில் அவர் இருந்தால், இன்றே அந்தச் சகோதரரைத் தேடிப் போகட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.