பிணியுற்ற மகவும் பெற்றோர் தவமும்



நொய்யற்கரைத் திருப்பூரில் கணவனும் மனைவியும் பனியன் கம்பெனிக்குச் சென்றாலன்றி அடுப்பெரியாத இல்லங்கள் மிகுதி. கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் இயந்திரத்திலும் பீஸ் கணக்கில் கூலி பெறுவோர்க்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் வருவாயின் இழப்பாகும். அத்தகைய இல்லத்திலோ, அவர்க்கு வேலை தரும் முதலாளியின் இல்லத்திலோ, நடக்க இயலாத குழந்தையோ, பேச்சு வாராத குழந்தையோ, நாள்தோறும் இன்சுலின் ஊசி வேண்டிய குழந்தையோ இருக்குமாயின், அவ்வீட்டார் அடிக்கடி செவியுறும் சொல் ஒன்றுண்டு. "எல்லாம் முன்வினை" என்பதே அது.

வினைக் கோட்பாடு நம் சமயத்தின் உயிர்நிலை. உடலின் அமைப்பு நாமகர்மத்தாலும், இன்பதுன்ப நுகர்ச்சி வேதனீய கர்மத்தாலும் அமைவன என்று ஆகமம் கூறுவதை நாம் மறுக்கவில்லை. ஆயின் எவ்வுயிர் எப்பிறவியில் எதனைச் செய்து இதனைப் பெற்றது என்று அறியவல்லவர் கேவல ஞானியர் போன்ற பெரியோரே. கடைக் கணக்கை மட்டுமே படிக்கத் தெரிந்த நாம், பிறர்தம் வினைக் கணக்கைப் படிக்க முற்படுவது பொருந்துமோ?

உமாசுவாதி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரத்தில், துன்பம் நுகர்விக்கும் அசாதா வேதனீயம் உயிரை வந்தடையும் வழிகளைக் காட்டுகின்றார். பிறரைத் துயருறச் செய்தலும் அழுது புலம்ப வைத்தலும் அவ்வழிகளுள் அடங்கும். உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலோ சாதா வேதனீயத்துக்குக் காரணமாகும். ஆகவே, குழந்தையைப் பெற்ற தாயை நோக்கி "நீ செய்த பாவம்" என்று கூறி அவள் கண்ணீரைப் பெருக்குபவர் அவளுடைய வினையை விளக்கினவர் ஆகார். தமக்கே புதுவினை தேடிக்கொண்டவர் ஆவார். வினைக் கோட்பாடு நமக்கு அருளப்பட்டது நம் செயலைத் திருத்திக்கொள்வதற்கே. அயலார் மகவைத் தூற்றுவதற்கு அது கருவி அன்று.

வினை என்றறிந்த பின் மருத்துவம் எதற்கு என்று வினவுவாரும் உளர். அவர்க்கு ஆசாரியர் சமந்தபத்திரர் வரலாறே விடையாகும். காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் அப்பெரியாரைப் பஸ்மகம் என்னும் தீராப் பசிநோய் பற்றியது என்றும், அவர் சல்லேகனை நோற்று உடல் நீக்க ஆசானிடம் இசைவு வேண்டினார் என்றும் மரபு கூறும். ஆசான் இசையவில்லை. துறவுக்கோலத்தை நீக்கியேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு மீள்க எனப் பணித்தார். அவ்வாறே நோய் நீங்கி மீண்டும் துறவேற்ற அவர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், அருங்கலச் செப்பாகத் தமிழிலும் வழங்குகின்றது. துறவிக்கே பிணி தீர்த்தல் கடமையாயிற்று என்றால் குழந்தைக்குக் கூறவும் வேண்டுமோ?

இன்சுலின் வேண்டும் குழந்தைக்கு அதனை ஒரு நாளும் நிறுத்தலாகாது. இரவில் அக்குழந்தை வியர்த்து நடுங்கிச் சோர்ந்தால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தது எனக் கொண்டு, விழுங்கும் நிலையில் இருப்பின் உடனே சர்க்கரையோ இனிப்பு நீரோ கொடுத்தல் வேண்டும். விழுங்க இயலாது மயங்கியிருப்பின் வாயில் எதுவும் ஊட்டாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வலிப்புக்கு மருந்துண்ணும் பிள்ளைக்கு நோன்பு நாளிலும் மருந்து தவறலாகாது. இரவுண்ணாமை கெடுமே என்று முதியோர் தயங்க வேண்டா. பதினாறு பாவனைகளுள் தவமும் தியாகமும் அவரவர் ஆற்றலுக்கு இயைந்த அளவில் என்றே வகுக்கப்பட்டுள்ளன. அதே பாவனைகளுள் வையாவிருத்தியமும் ஒன்று. பிணியுற்றார்க்குப் பணிசெய்தலாகிய அது அகத்தவம் ஆறனுள்ளும் வைத்தெண்ணப்படுகின்றது. துறவியர் பொருட்டுக் கூறப்பட்ட அவ்வறத்தை இல்லறத்தார் தம் மகவுக்கும் ஆற்றுதல் தகும். நள்ளிரவில் எழுந்து மகனுடைய அழுக்குத் துணியை அருவருப்பின்றி மாற்றும் தாயிடம் நற்காட்சியின் மூன்றாம் உறுப்பு விளங்குகின்றது. அவள் அன்று ஆலயம் வர இயலவில்லை எனில் அதனைக் குறையாகப் பேசற்க.

இனிப் பெற்றோர் செய்யத்தக்கன. குழந்தை உரிய பருவத்தில் தலை நிமிராவிடினும், ஒலி கேட்டுத் திரும்பாவிடினும், "பேர்சொல்லும் பிள்ளை மெல்லத்தான் பேசும்" என்று காலம் கடத்தாது மருத்துவரிடம் காட்டுக. இளமையில் தொடங்கும் பயிற்சியே பெரும்பயன் தரும். 2022ஆம் ஆண்டு முதல் திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தாலசீமியா, ஹீமோஃபீலியா ஆகியனவும் அவற்றுள் அடங்கும். 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி அச்சட்டம் தரும் உரிமையாகும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி அடையாள அட்டை பெறுக. அதனை வெட்கமெனக் கருதி மறைப்பதால் இழப்பவர் குழந்தையே.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளி, தம் வருவாயையே முழுதும் சார்ந்திருக்கும் குறைபாடுடைய பிள்ளைக்கு, வயது கடந்த பின்னும் அக்குறைபாடு உள்ளவரை மருத்துவ உதவி பெறலாம். இதனை அறியாது மகன் வளர்ந்துவிட்டான் என்று விட்டுவிடற்க. "எமக்குப் பின் யார்?" என்னும் கவலைக்கும் வழியுண்டு. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர்க்குப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். நாம் உடலோடு இருக்கும்போதே அதனை முடித்தல் நன்று. மற்றப் பிள்ளைகளையும் அன்போடு இப்பணியில் பழக்குக; ஆயின் முழுச்சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றற்க.

தொழில் நடத்தும் சிராவகர்க்கும் ஒரு சொல். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானம் உமக்கு நன்கு தெரியும். மகாவீரர் பெயரால் 1975இல் ஜெய்ப்பூரில் தோன்றிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, கால் இழந்தோர்க்கு விலையின்றிச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கச் செய்து வருகின்றது. அத்துணைப் பெரும்பணி எல்லார்க்கும் இயலாது. ஆயினும் குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் தொழிலாளிக்குக் கூலி பிடியாது அரைநாள் ஈதலும், அவர் பெயரைக் காப்பீட்டில் தவறாது பதிதலும், செக்கிங், பேக்கிங் போன்ற பணிகளில் குறைபாடுடைய இளைஞர்க்கு இடம் அளித்தலும் உம்மால் இயல்வனவே.

எறும்பைக் கண்டு ஒதுங்கி நடக்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். ஓரறிவுயிரையும் ஓம்பும் நாம், மொழி வாராத ஒரு மகவை விருந்தினர் வரும்போது உள்ளறையில் மறைத்தல் அறமாகாது. எல்லையற்ற ஞானமும் இன்பமும் எவ்வுயிர்க்கும் இயல்பு என்பது அருகன் அறம். குறையெல்லாம் உடலைச் சார்ந்தது. அடுத்த பருவ நாளில் அக்குழந்தையையும் ஆலயத்துக்கு அழைத்து வருக. அது உரக்க ஒலி எழுப்பினால் யாரும் திரும்பி முகம் சுளியாதிருப்போமாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!