வீடும் மகளும் – ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணத் தமிழர் சமுதாயத்தில் வீட்டைத் திருத்துதல் வெறும் கட்டடத் தொழில் அன்று. பெண் குழந்தையுள்ள குடும்பமாயின், உக்கிய கைமரத்தை மாற்றுவதும் மண்தரைக்குச் சீமெந்து இடுவதும் அக்குழந்தையின் திருமண நாளை நோக்கிய ஆயத்தங்களாகவே பெரிதும் கொள்ளப்பட்டு வந்துள்ளன. மணமக்கள் மணமகளின் வீட்டில் வாழ்வதும், அவ்வீடே சீதனமாக எழுதப்படுவதும் இங்கு நெடுநாள் வழக்கம். ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 ஆம் ஆண்டில் தொகுத்தளித்ததும், பிரித்தானியரால் 1806 இல் சட்ட வலு வழங்கப்பட்டதுமான தேசவழமை, சீதனத்தைத் தனியொரு சொத்து வகையாகவே எடுத்தாளுகின்றது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் ஏனைய சொத்தில் பங்கு கோருவதற்கில்லை என்பது அதன் பழைய விதி. எனவே, வீடு அவளுக்கு மேலதிகமாகக் கிடைக்கும் நன்கொடை அன்று; அதுவே அவளது பங்கு. இதனை மனங்கொள்ளாது, வீட்டின்மேல் கண்ணாயிருக்கும் தந்தையைப் பொருளாசை கொண்டவன் எனக் குறைகூறுதல் எளிது; ஆனால் நேர்மையன்று.

இத்தகைய தந்தை ஒருவனைக் கருதுவோம். அவன் மாதச் சம்பளக்காரன். மேசனுக்கும் தச்சருக்கும் நாள்தோறும் கூலி கொடுக்க வசதியற்றவன். ஆதலால் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தானே சாந்து குழைக்கின்றான், தானே சீமெந்துக் கல் அரிகின்றான். அவனது மகளுக்கு ஐந்து வயது. அவள் கேட்பவற்றுக்கெல்லாம் ‘பிறகு’ என்னும் ஒரு சொல்லே விடையாகின்றது. விறாந்தை முடிந்தபின் குசினி, குசினி முடிந்தபின் மதில் என வேலை நீள்கின்றது, மகளும் வளர்கின்றாள். மகளுக்கெனச் செய்யப்படும் வேலையே மகளிடமிருந்து தந்தையைப் பிரித்துவைப்பின், அவன் தன் கடமையைச் செய்தவனா, செய்யாதவனா?

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்ரோட்டில் தமது பௌதிகவதீதம் என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில் செயல்களை இருவகையாகப் பகுக்கின்றார். ஒருவகைச் செயலின் பயன் அச்செயலுக்கு அப்பால் உள்ளது. பயன் கைகூடியதும் செயல் முடிந்துபோகின்றது. மற்றைய வகையில் செயலே பயன். காண்பவன் காணும்போதே கண்டவனும் ஆகின்றான். முதல்வகைக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் வீடு கட்டுதலும் ஒன்றாக அமைந்தமை நம் விடயத்துக்கு மிகவும் பொருத்தமாகும். கட்டிக்கொண்டிருக்கும் வரை வீடு கட்டப்படவில்லை. கட்டி முடிந்தபின் கட்டுதல் இல்லை. குழந்தையோடு இருத்தலோ இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதற்கு முடிவுத் திகதி கிடையாது. அதன் பயனைப் பின்னொரு நாளில் மொத்தமாக எடுத்துக்கொள்ளவும் இயலாது.

ஆயினும் இப்பகுப்பை அப்படியே தந்தைமையின்மேல் பொருத்திவிடுதல் பொருந்தாது. பிள்ளை வளர்த்தலிலும் கட்டுதலின் தன்மை உண்டு; எழுத்தறிவித்தலும் நல்லொழுக்கம் பழக்குதலும் நாளைய பயனைக் கருதியவையே. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மகனைச் சான்றோர் அவையில் முன்நிற்கச் செய்தலைத் தந்தையின் கடனாகக் கூறுகின்றது. அதே அதிகாரம் குழந்தையின் சிறுகை துழாவிய கூழின் சுவையையும் கூறுகின்றது. முன்னது எதிர்காலத்துக்கு உரியது. பின்னது அந்த வேளையோடு முடிவது. பத்துக் குறள்களுக்குள் இரண்டையும் வைத்த வள்ளுவர் ஒன்றுக்காக மற்றையதைக் கைவிடச் சொல்லவில்லை. உரைகாரர் இவற்றைத் தனித்தனியே விளக்கிச் செல்வதால், இவ்விரண்டும் ஒரே மனிதனின் ஒரே மாலைப்பொழுதில் மோதிக்கொள்ளக்கூடும் என்பது கவனத்திற்கு வராது போகின்றது.

இங்கு ஜேர்மானிய அறிஞர் கான்றின் கோட்பாட்டைச் சிலர் துணைக்கழைப்பர். மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளாது நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என அவர் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில் வலியுறுத்தினார். ஆனால், நாம் கருதும் தந்தை மகளைக் கருவியாக்கவில்லை. தன் உழைப்பு அனைத்துக்கும் அவளையே நோக்கமாக்கியுள்ளான். குறை வேறிடத்தில் உள்ளது. அவன் நோக்கமாகக் கொண்டவள் இருபத்தைந்து வயது மணமகள்; ஐந்து வயதுச் சிறுமி அல்லள். இன்னும் பிறவாத ஒருத்திக்காக, முன்னே நிற்கும் ஒருத்தி காத்திருக்க வைக்கப்படுகின்றாள். இருவருக்கும் பெயர் ஒன்றாயிருப்பதால் தந்தைக்கு அது புலப்படுவதில்லை.

வீட்டையும் பிள்ளையையும் ‘சமன்செய்தல்’ என்னும் வழக்கு இந்நிலையை மேலும் மறைக்கின்றது. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே அளவையால் நிறுக்கத்தக்க பொருள்களே இருத்தல் வேண்டும். பூச்சுப் பூசாத சுவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும். ஐந்தாம் வயது காத்திராது. இவ்விடத்தில் ஓர் உண்மையையும் குறிப்பிடுதல் தகும். அதே வீட்டில் சமைத்து, கூட்டி, குழந்தையைக் குளிப்பாட்டி, வேலை செய்யும் கணவனுக்குத் தேநீரும் கொண்டுவரும் தாயின் உழைப்பை எவரும் சமன்செய்தல் என்று கூறுவதில்லை.

மறுதரப்பாரின் வாதம் வலிமையற்றது அன்று. ஒழுகாத கூரையின்கீழ் இருந்துகொண்டு பிறரது கூரையைப் பற்றி அறம் பேசுதல் இலகு. ஐப்பசி, கார்த்திகை மழை குழந்தையின் வயதைப் போலவே எவருக்காகவும் காத்திராது. அன்றியும், 1995 இன் வலிகாமப் பெரும் இடப்பெயர்விலும் 2009 இல் முடிவுற்ற போரிலும் வீடிழந்த குடும்பங்களுக்கு வீடு என்பது அந்தஸ்துப் பொருள் அன்று. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் வட கிழக்கில் 2012 முதல் பயனாளிகளே தம் வீட்டைக் கட்டுவிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. வீடொன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறும் படிகளுக்கேற்பத் தவணைகளாக வழங்கப்பட்டது. அத்திவாரம் முடிந்தாலன்றி அடுத்த தவணை இல்லை என்ற நிலையில் தகரக் கொட்டிலில் மகளை வைத்திருந்த தந்தை, அவளோடு விளையாடாது கல் சுமந்தான் எனின், அதனை அறக்குறையாகக் கொள்ளுதல் தவறு. தேவையின் பொருட்டு உண்டாகும் பிரிவு வேறு.

ஆனால், தேவை எவ்விடத்தில் முடிகின்றது? கூரை தேவை, கதவுள்ள அறையும் கழிப்பிடமும் தேவை. கிடுகுவேலி இருந்த இடத்தில் எழும் மதில், அயலவரின் விறாந்தையைவிட அகன்ற விறாந்தை, வாசலுக்கு இரண்டாம் தூண் என்பன மகளின் பெயரால் செய்யப்படினும், அவற்றுட் பெரும்பகுதி ஊரின் கண்ணுக்காகவே செய்யப்படுகின்றது. தேவைக்கும் பெருமைக்கும் இடையிலான கோட்டைத் தந்தையே கீறிக்கொள்ளல் வேண்டும். ஊர் அதனைக் கீறித்தராது. மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்ப்பரே என்பது வழமையான விடை. அவ்விடை, சிறுமியின் பிள்ளைப் பருவத்துக்கு விலை குறிக்கும் உரிமையை இன்னும் முகமறியாத ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கின்றது.

இவ்விடயத்தில் பெரிதும் கவனிக்கப்படாத இன்னொரு கூறு உண்டு. மகன் எனின், ஏழு எட்டு வயதிலேயே ‘தம்பி, பலகையின் மறுநுனியைப் பிடி’ எனத் தந்தை அழைக்கின்றான். அவன் ஆணி எடுத்துக் கொடுத்து, மட்டக்கயிறு பிடித்து, தந்தையின் தொழிலையும் சினத்தையும் பகிடியையும் ஒருங்கே கற்கின்றான். மகளையோ ‘தூசு, உள்ளே போ பிள்ளை’ என அனுப்பிவிடுகின்றான். இதன் விளைவு விந்தையானது. வீட்டில் பெரும்பாலும் உரிமை பெறாத மகன் அதன் ஆக்கத்தில் பங்காளியாகின்றான். உரிமை பெறப்போகும் மகள் அதனை வெளியிலிருந்து பார்ப்பவளாகின்றாள். உறுதி எழுதப்படும் நாளில் அவள் பெறுவது தந்தை கட்டிய வீடு. தந்தையோடு தான் கட்டிய வீடன்று. வேலையும் மகளும் ஒன்றையொன்று விலக்குவன என்ற எண்ணத்தின் ஒரு பகுதி இவ்வழக்கத்திலிருந்தே பிறக்கின்றது.

ஆபத்தற்ற வேலைகள் பல உண்டு. அரிந்த சீமெந்துக் கல்லும் பூசிய சுவரும் இறுகும்வரை ஒரு கிழமையாவது நனைக்கப்படுதல் வேண்டும். ஐந்து வயதுச் சிறுமியால் சிறு செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்ற முடியும். அவள் பாதியைத் தன் சட்டையில் ஊற்றுவாள். ஒரு கல்லுக்கு மூன்று முறை ஊற்றி அடுத்த கல்லை மறப்பாள். இடையில் ஓணானைக் கண்டால் வேலை நின்றுவிடும். பத்து நிமிடத்தில் தந்தை தனியே முடித்திருக்கக்கூடிய வேலைக்கு முக்கால் மணி செல்லும். மேசன் வந்து நிற்கும் நாளாயின் அவர் முணுமுணுக்கவும் கூடும்.