எவ்வளவு வீட்டை ஏற்றுவது?

படுக்க ஒரு பலகை, சமைக்க ஓர் அடுப்பு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் ஆகியவற்றை ஒரு வேனுக்குள் அடக்கிக்கொண்டு, விடுதியையும் உறவினர் வீட்டையும் எதிர்பாராமல் ஊர் ஊராகச் செல்ல ஏற்ற வாகனத்தைக் கேம்பர் வேன் என்பர். குறைந்த பணத்தில் முதன்முதலாக அப்படி ஒரு வண்டியை வாங்க நினைக்கும் குடும்பத்தின் கவலை விலை, மைலேஜ், டயர் ஆகியவற்றைச் சுற்றியே இருப்பதாகத் தோன்றினாலும், அவற்றுக்கு அடியில் கிடப்பது சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்விதான்: வீட்டை விட்டுப் புறப்படுபவர் அந்த வீட்டில் எவ்வளவைத் தம்முடன் எடுத்துச் செல்லலாம்? போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள தேவாரம் இதை ஆராயப் பொருத்தமான ஊர். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், கார்த்திகை பிறந்ததும் கம்பம், குமுளி வழியே சபரிமலைக்குப் போகும் வேன்களும் இந்தப் பகுதியின் சாலைகளில் ஓடுகின்றன. அதே பகுதியில், பண்ணைப்புரத்தையும் கோம்பையையும் கடந்தால் வரும் உத்தமபாளையத்தில், எந்த வாகனத்திலும் ஏறாத துறவிகளின் பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன.

கேம்பர் வேன் என்ற பெயர் புதிது. பொருள் இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று. மாலை போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் அரிசி மூட்டை, அண்டா, கேஸ் அடுப்பு, பாய் சகிதம் ஒரு வேனில் ஏறி, ஆற்றங்கரையிலோ கோயில் வாசலிலோ நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, வண்டிக்கு உள்ளும் பக்கத்திலுமாகப் படுத்து எழுந்து செல்வது பல்லாண்டு வழக்கம். அவர்கள் அதை விடுதலை என்றோ துறவு என்றோ சொல்லிக்கொள்வதில்லை. யாத்திரை என்கிறார்கள், அதற்கு விரத நாளும் உண்டு, முடியும் இடமும் உண்டு. அண்மைக் காலத்தில் வேன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுபவர்களோ அதைப் பற்றறுத்தலின் ஒரு வகையாகவே காட்ட முனைகின்றனர். சிறிய வண்டியில் சில பொருள்களோடு வாழ்பவர் பெரிய வீட்டில் வாழ்பவரைவிடப் பற்றற்றவர் என்ற இந்த எண்ணம் ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று.

உத்தமபாளையத்துக் கருப்பண்ணசாமி பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டு, அவற்றின் கீழ் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி. ஏறத்தாழ 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தச் சமண முனிவரின் பெயர் மதுரையைச் சுற்றிய ஆனைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம் முதலிய இடங்களிலும், பழனிக்கு அருகே ஐவர்மலையிலும் காணப்படுவதால், அவர் தொடர்ந்து நடந்துகொண்டே இருந்தவர் என்று கொள்ளலாம். திகம்பரத் துறவிக்கு அனுமதிக்கப்பட்ட உடைமை மூன்று: உட்காருமிடத்துச் சிற்றுயிர்களை நோகாமல் ஒதுக்க மயிற்பீலி, தூய்மைக்கான நீர் வைக்கக் கமண்டலம், ஓத ஏடு. இவற்றில் ஒன்றும் அவருடைய வசதிக்காக இருப்பதன்று. இந்த நெறிக்கு அபரிக்கிரகம் என்று பெயர். எதையும் தன்னது என்று பற்றிக்கொள்ளாமை என்பது அதன் கருத்து. பரிக்கிரகம், அதாவது உடைமை, என்பதைத் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் பொருளின் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுக்காமல், மூர்ச்சை எனப்படும் மயக்கத்தைக் கொண்டு வரையறுக்கிறது; பொருள் மீது மனம் மயங்கிக் கிடப்பதே உடைமை என்பது அதன் முடிவு. இந்த வரையறையை ஏற்றால், சிறு வண்டி என்பதற்காக எந்தச் சிறப்பும் சேர்ந்துவிடாது. மூன்று பெட்டிச் சாமான்களோடு வாழ்ந்துகொண்டு, நான்காவது பெட்டியைப் பற்றியே இரவெல்லாம் நினைத்திருப்பவர் பெரிய பரிக்கிரகி. பணம் குறைவாக இருப்பதால் குறைவாக வாங்குவதும் துறவாகாது.

ஆகவே கேம்பர் வேன் வாங்குபவர் அச்சணந்தியை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. அவருக்கு உரிய அளவுகோலைச் சமணம் வேறோரிடத்தில் வைத்திருக்கிறது. துறவிக்கு முழு விலக்கையும், இல்லறத்தாருக்கு அதே அறத்தின் சிறிய வடிவத்தையும் அச்சமயம் விதிக்கிறது; சிறிய வடிவத்துக்கு அணுவிரதம் என்று பெயர். அணுவிரதங்களுள் ஐந்தாவது பரிக்கிரக பரிமாணம். இன்ன அளவுக்கு மேல் நிலமோ பொன்னோ கலமோ வண்டியோ வைத்துக்கொள்வதில்லை என்று இல்லறத்தார் தாமே ஓர் எல்லையை முன்கூட்டி வகுத்து, அதற்குள் நிற்க உறுதி கொள்வதே இந்த விரதம். இங்கே ‘முன்கூட்டி’ என்பதில்தான் விரதத்தின் உயிர் இருக்கிறது. வண்டியைப் பார்த்த பிறகு வகுக்கும் எல்லையை வகுப்பது ஆசையே ஆகும் என்பதைப் பழைய வண்டிச் சந்தைக்கு ஒருமுறை சென்றவர் எவரும் மறுக்கமாட்டார்.

இந்த விரதத்துக்கு நேரும் பழுதுகளைச் சமண ஆசிரியரான சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்தாக வகுத்திருக்கிறார். இல்லறச் சமணருக்கான ஒழுக்க நூல் இது; தமிழில் இதன் வழி நின்று எழுதப்பட்டது அருங்கலச்செப்பு. ஐந்தாவன அதிவாகனம், அதிசங்கிரகம், அதிவிஸ்மயம், அதிலோபம், அதிபாரவாகனம். பொருளாசையால் எருதை அதன் வலிமைக்கு மேல் ஓட்டுவது முதலாவது. தேவைக்கு மேல் சேர்த்துக் குவிப்பது இரண்டாவது. பிறர் செல்வத்தைக் கண்டு வாய்பிளப்பது மூன்றாவது. கிடைத்த பின்னும் அடங்காத ஆசை நான்காவது. தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது ஐந்தாவது. உடைமை பற்றிய விரதத்தின் ஐந்து பழுதுகளில் இரண்டு ஓட்டுவதையும் சுமையேற்றுவதையும் பற்றியவையாக இருப்பது, வணிகச் சாத்துகளோடு பழகிய சமயம் ஒன்றின் கூர்மையைக் காட்டுகிறது. எருதின் இடத்தில் எஞ்சினை வைத்துப் படித்தாலும் பட்டியலில் திருத்த ஒன்றுமில்லை.

குறைந்த பணத்தில் கிடைக்கக்கூடியவற்றுள் பலருடைய கண்ணிலும் முதலில் படுவன மாருதியின் இரு வண்டிகள்: 1984இல் வந்து 2019இல் உற்பத்தி நின்றுபோன ஆம்னி, 2010 முதல் விற்கப்படும் ஈகோ. இரண்டிலும் எஞ்சின் முன்னிருக்கையின் அடியில் இருப்பதாலும், இழுவை பின்சக்கரங்களில் இருப்பதாலும், பின்புறம் முழுவதும் தட்டையான இடமாகக் கிடைக்கிறது. இருவர் நீட்டிப் படுக்க ஒரு பலகை போதும். அந்த இடத்தைக் கண்டதும் தொடங்குவது அதிசங்கிரகம். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ, 14.2 கிலோ எரிவாயு கொண்ட வீட்டுச் சிலிண்டர் இரும்பையும் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ. இன்வெர்ட்டருக்கு வைக்கும் பெரிய பேட்டரி 50 கிலோவுக்குக் குறையாது. பிளைவுட் கட்டிலும் அலமாரியும் இன்னொரு 60 கிலோ. ஆக, வீட்டை ஏற்றியவர் மூன்று பேரைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறார். சமவெளியில் சின்னமனூர் வரை ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. முந்தலில் தொடங்கி 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டை அடையும் சாலையில் அது தெரியவரும்: ஏறும்போது எஞ்சின் சூட்டிலும், இறங்கும்போது, அதைவிடக் கடுமையாக, பிரேக்கிலும். எந்தக் கியரில் ஏறியதோ அந்தக் கியரிலேயே இறக்கவேண்டும் என்பது மலையில் வண்டி ஓட்டுபவர்களின் பால பாடம். அதை மறந்து பிரேக்கையே மிதித்து இறங்குபவரின் வண்டியில் அதிபாரம் புகையாக மணக்கும்.

அளவை முன்கூட்டி வகுப்பது எப்படி என்பதை மின்சாரக் கணக்கில் இன்னும் தெளிவாகக் காணலாம். 25 வாட் மின்விசிறி ஓர் இரவில் 8 மணிநேரம் ஓடினால் 200 வாட்மணி, 5 வாட் விளக்கு இரண்டு 4 மணிநேரம் எரிந்தால் 40, கைப்பேசிகளுக்கு 30. மொத்தம் 270. 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி ஈய அமில பேட்டரியில் 1,200 வாட்மணி இருந்தாலும், அது கெடாமல் இருக்கப் பாதியையே எடுக்கலாம் என்பதால் 600 கிடைக்கும். இரண்டு இரவுக்கு அது தாராளம். மார்கழியில் மெட்டுக்கு மேலே தங்குபவருக்கு மின்விசிறியே வேண்டாம். கணக்கு 70 ஆகச் சுருங்கிவிடும், பேட்டரியும் அதற்கேற்பச் சுருங்கலாம். ஆனால் அதே குளிர், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டும் சபலத்தைத் தரும். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும் ஆகையால், காற்றுப் போக்குக்கான திறப்புக்குச் செலவழிப்பதை மட்டும் எந்த விரதமும் குறைக்கச் சொல்லாது. அதிவிஸ்மயத்துக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. பிறருடைய வேனில் குளிர்சாதனப் பெட்டியும் கழிப்பறையும் தொலைக்காட்சியும் இருப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தம்முடைய பட்டியலைத் திறப்பவர்களின் காலம் இது.

அடுத்து வருவது வேறொரு சிக்கல். உள்ளே வீடாக மாறிய வண்டி, வண்டியா, வீடா? பௌத்த நூலான மிலிந்த பஞ்ஞாவில், நாகசேனர் என்ற துறவி யவன அரசன் மிலிந்தனிடம், அவன் ஏறிவந்த தேர் எது என்று கேட்கிறார். அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று, உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்ற இடத்துக்கு அவனைக் கொண்டுவருகிறார். ஆழமான விடைதான்; வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அது செல்லாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. இருக்கைகளைக் கழற்றி எறிவதும் கூரையை வெட்டி உயர்த்துவதும் இதன் வலையில் விழும். இறக்கிவைக்கக்கூடிய கட்டிலும் பெட்டியும் சாமானாகவே கருதப்படுவதால் சிக்கல் குறைவு. முதல் வண்டிக்கு, அதுவும் கைப்பணம் குறைந்தவருக்கு, இந்த வழியே ஏற்றது.

சைவ மரபு இதே பயணத்தை மற்றொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. திருநெல்வாயில் அரத்துறையில் ஞானசம்பந்தருக்கு முத்துச்சிவிகை அருளப்பட்டதையும், பின்னர் அவர் திருப்பூந்துருத்தியை அணுகியபோது, முதியவரான திருநாவுக்கரசர் (அப்பர்) கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து அச்சிவிகையைத் தோளில் தாங்கியதையும் பெரியபுராணம் கூறுகிறது. அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, கீழே சுமப்பவர் நடுவிலிருந்து விடை வர, சம்பந்தர் பதறி இறங்கிவிடுகிறார். சிவிகையை அளித்தவன் இறைவனே என்பதால் ஏறியதில் குற்றமில்லை. ஆனால் தாங்குபவர் யார் என்று தெரிந்த கணத்தில் அதில் இருக்க முடியாமற் போகிறது. சமணத்தின் ஐந்து பழுதுகள் வைத்திருப்பவரின் மனத்தையும் அவர் எருதின் முதுகையும் பற்றிப் பேச, இந்தக் கதை, வண்டிக்கு வெளியே நின்று அதன் பாரத்தைத் தாங்கும் மனிதரைப் பற்றிப் பேசுகிறது.

ஏலமலைச் சரிவில் அத்தகையோர் பலர். காலையில் மெட்டு ஏறும் ஜீப்பில் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள் அன்றைய கூலிக்காகச் செல்கிறார்கள்; வளைவின் அகலமான இடத்தை மறித்து, மேகம் பார்ப்பதற்காக நிறுத்தப்படும் வேன் அவர்களுடைய நேரத்தைத் தின்கிறது. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பாத்திரம் கழுவிய சோப்பு நீர் ஓடையில் இறங்கினால், கீழே குடிப்பவர்களும் சுமப்பவர்களே. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் மாண்டனர். கோடையில் புல் காய்ந்த சரிவில் அடுப்பு மூட்டும் உரிமையைப் பற்றிப் பேசுமுன் அந்த நாளை நினைக்கவேண்டும். ஆகவே கழிவுநீருக்கு மூடியுள்ள கேன் ஒன்று, மெத்தைக்கு முன்பே வாங்கவேண்டிய பொருள்.

பொருளுக்கு எல்லை வகுத்த சமணம் திசைக்கும் எல்லை வகுத்தது. திக்விரதம் என்பது, இன்ன திசையில் இன்ன ஆற்றுக்கு, இன்ன மலைக்கு அப்பால் செல்வதில்லை என்று இல்லறத்தார் கொள்ளும் உறுதி. பயணத்துக்காகவே வண்டி வாங்குபவருக்கு இது முரணாகத் தோன்றலாம். உண்மையில், எந்த வண்டி என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது. மேற்கே வாகமன், கிழக்கே இராமேசுவரம் என்று எல்லை வகுத்தவருக்குப் பழைய ஈகோ போதும். எல்லை இல்லாதவருக்கு எந்த வண்டியும் போதாது. காலத்துக்கும் எல்லை உண்டு. மழை நாளில் வழியெங்கும் சிற்றுயிர் பெருகும் என்பதற்காகத் துறவிகள் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவதைச் சாதுர்மாசியம் என்பர். மண்சரிவும் மூடுபனியும் சாலையை விழுங்கும் மழை மாதங்களில் மலை வண்டியும் அவ்வாறே நிற்பது நல்லது.

ஆனால் நிற்கும் வண்டிக்கும் செலவு உண்டு. காப்பீடு ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரி இறங்கும், டயர் இறுகும். பதிவு பெற்று 15 ஆண்டு ஆன சொந்த உபயோக வண்டியாயின் புதுப்பித்தலும் பசுமை வரியும் சேரும். எல்லையை நேர்மையாக வகுத்த சில குடும்பங்கள், ஆண்டுக்கு இரண்டு வாரமே தாங்கள் வெளியே இருக்கப்போவதைக் கண்டுகொள்ளும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, மறு ஆண்டே இடுக்கி மாவட்டத்து வாகமனில் அதற்கான முதல் பூங்காவும் திறக்கப்பட்டிருப்பதால், அத்தகையவர்கள் ஓரிரு இரவு வாடகை வண்டியில் படுத்துப் பார்த்துவிட்டு, பலகையின் நீளமும் தண்ணீரின் தேவையும் கைக்கணக்கில் வந்த பிறகு விலை பேசப் போகலாம், அல்லது போகாமலே இருக்கலாம்.