கை யாருடையது, பெயர் யாருடையது?

"முன்ன மாதிரி ஒரு சாமானும் இப்ப தாங்க மாட்டேங்குது." ஜொகூரில் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழி என்னவோ செய்த கைக்குத்தான் போகிறது.

டைசன் நிறுவனம் 2002-இல் வேக்குவம் கிளீனர் தயாரிப்பை இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. பெயரும் வடிவமைப்பும் அதனுடையவை, கைகள் ஒப்பந்தக்காரருடையவை. தொழிலாளர் நிலை பற்றிய தணிக்கைக்குப் பிறகு, ஜொகூரின் ஏடிஏ நிறுவனத்துடனான உறவை முறிப்பதாக 2021 நவம்பரில் அறிவித்தது.

நியாயம்தானே என்று தோன்றும். ஆனால், முறித்ததும் அந்தத் தொழிலாளிக்கான பொறுப்பு முடிந்துவிடுமா?

விலையையும் கெடுவையும் நிர்ணயிப்பவரே பொருளின் தரத்துக்கும் தொழிலாளியின் வாழ்வுக்கும் வரம்பு கட்டுகிறார். வேலையை வெளியே கொடுக்கலாம்; பொறுப்பைக் கொடுக்க முடியாது. மலிவாகவே கேட்கும் நமக்கும் அதில் பங்குண்டு.